பாண்டான் முடிச்சு

“இரண்டு கால் இருந்தால் போதும், தோழர்களே! சாதி வேண்டாம், சமயம் வேண்டாம், சம்பளத்தின் அளவு வேண்டாம். இரண்டு கால் உள்ள எவரும் எங்கள் நடையர் மன்றத்தின் உறுப்பினரே!”

மருதப்பன் மேடையில் இப்படி முழங்கியபோது, கூட்டத்தின் ஓரத்தில் வெள்ளைச் சீருடையோடு நின்றிருந்த தங்கம் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டாள். இரண்டும் இருந்தன. மகப்பேற்று மருத்துவமனையில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையே ஓடி ஓடி உரமேறிய தாதியின் கால்கள். கூட்டம் கலைந்ததும் நேரே மேடையருகே போய், “நானும் நடக்க வரலாமா ஐயா?” என்று கேட்டாள்.

மருதப்பன் ஒரு கணம் திகைத்தார், மறுகணம் மகிழ்ந்தார். அச்சகத்தில் துண்டறிக்கைகள் அச்சிட்டு அச்சிட்டுக் கறுத்த தம் விரல்களைக் கூப்பி, “தாராளமா வாங்கம்மா. மன்றத்துக்கு நீங்கதான் முதல் பெண்” என்றார். அடுத்த வாரமே அவருடைய மேடைப் பேச்சில், “எங்கள் மன்றத்தில் ஒரு பெண்ணும் நடக்கிறாள்!” என்ற வரி ஏறிவிட்டது. அதற்குக் கைதட்டலும் கிடைத்தது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டு. இந்தத் தீவு தன்னைத் தானே ஆளப்போகும் நாளைப் பற்றிச் சிராங்கூன் சாலையின் தேநீர்க் கடைகளெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம். நாடு விடுதலை பெறுமுன் நாம் நாட்டை நடந்து பார்த்துவிட வேண்டும் என்பது மருதப்பனின் கொள்கை. மாதத்தின் முதல் ஞாயிறன்று மன்றத்தினர் விடியலில் ரோச்சோர்க் கால்வாயருகே கூடுவார்கள். பேருந்தில் புக்கிட் பாஞ்சாங் வரை சென்று, அங்கிருந்து ரப்பர்த் தோட்டங்களுக்கும் சீனர்களின் காய்கறிப் பாத்திகளுக்கும் ஊடே நடந்து, கிராஞ்சிக் கரையில் உள்ள பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில் உணவருந்துவார்கள். வழியில் மேடான இடம் எது கண்ணில் பட்டாலும் மருதப்பன் அதில் ஏறிப் பேசிவிடுவார். கேட்பதற்கு ரப்பர் மரங்கள் மட்டுமே இருந்தாலும் குரலைக் குறைக்கமாட்டார். ஒருமுறை பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சீனக் கிழவர் அந்தப் பேச்சை முழுதும் கேட்டுவிட்டு, ஆளுக்கொரு வெள்ளரிக்காய் கொடுத்து அனுப்பினார்.

தங்கத்துக்கு அந்த நடை பிடித்துப் போயிற்று. பிடித்துப் போயிற்று என்றால், மாதம் முழுதும் அந்த ஒரு நாளை எண்ணியே வாழுமளவுக்குப் பிடித்துப் போயிற்று. காரணம் உண்டு. இந்த ஊரில் எவரும் சாதியைக் கேட்பதில்லை, அது நாகரிகமில்லை. “எங்கே குடியிருக்கீங்க?” என்றுதான் கேட்பார்கள். தங்கத்தின் தந்தை நகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. அவர்கள் குடியிருந்தது நகராட்சி கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில். அந்த முகவரியைச் சொன்னவுடன் எதிரே நிற்பவரின் முகத்தில் ஒரு கதவு சாத்திக்கொள்வதை அவள் சிறு வயதிலிருந்தே கண்டிருக்கிறாள். ஆங்கிலம் படித்தாள், தாதிப் பயிற்சி பெற்றாள், சீருடை அணிந்தாள். கதவு மட்டும் சாத்திக்கொண்டேதான் இருந்தது. ரப்பர்த் தோட்டத்து மண்பாதையிலோ கேள்வி இல்லை, முகவரி இல்லை. கையை வீசி நடந்தாள். அங்கே அவள் ஒரு நடையர், அவ்வளவுதான்.

மன்றத்துக்கு ஒரு விதி இருந்தது. மருதப்பனின் மூளையில் பிறந்த விதி. அவர் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் விதி. ஒவ்வொருவரும் வாழையிலையில் சோறு கட்டி, பழைய செய்தித்தாளில் சுற்றி, ஒரு பொதி கொண்டுவர வேண்டும். எல்லாப் பொதிகளும் ஒரே கோணிச் சாக்கில் போடப்படும். மரத்தடியில் ஒவ்வொருவராகச் சாக்கினுள் கைவிட்டு, பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். தன்னுடையதே வந்தால் திரும்பப் போட்டுவிட வேண்டும். எவர் அடுப்பில் வெந்தது என்று எவருக்கும் தெரியாமல் எவருடைய சோற்றையும் உண்ண வேண்டும். மன்றத்தில் ஜலாலுதீன் இருந்ததால் பொதியில் இறைச்சி கிடையாது; மீன் உண்டு, முட்டை உண்டு.

ஜலாலுதீன் புத்தகம் தைத்துக் கட்டும் தொழிலாளர். நடையில் எவரும் பின்தங்கி வழிதவறிவிடாமல் எல்லாருக்கும் கடைசியாக நடந்து வருவது அவர் பொறுப்பு. அதனால் சாக்கில் கைவிடுவதும் அவர்தான் கடைசி.

மூன்றாவது நடை முடிந்து திரும்பும் பேருந்தில் அவர் தங்கத்தின் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார்.

“தங்கச்சி, உங்க நெத்திலிச் சம்பல் இருக்கே, அதுல கொஞ்சம் புளியைக் குறைச்சா இன்னும் எடுப்பா இருக்கும்” என்றார்.

தங்கம் சிரித்தாள். “என் பொதி உங்களுக்கு வந்துச்சா பாய்?”

“இன்னிக்கா? மூணு மாசமா உங்க பொதிதான் எனக்கு. அந்த நெத்திலியும் அவிச்ச முட்டையும் வேற யாரு வைக்கிறாங்க? நான் குடுத்து வச்சவன்லா!”

தங்கத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. ஜலாலுதீனும் அந்த முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார். ஒருமுறை வந்தால் அது தற்செயல். மூன்று முறையும் கடைசியில் மிஞ்சியது அதே பொதி என்றால், சாக்குக்குள் நுழைந்த கைகளுக்குக் கண் இருந்திருக்கிறது என்றுதானே பொருள்?

வீட்டில் அப்பா கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். “உன்னைக் கூப்பிட்டது மேடைக்கும்மா, சோத்துக்கு இல்ல. நமக்கு எதுக்கு இந்தக் காட்டுல நடக்குற வேலை? விட்டுரு.”

“விடமாட்டேன்பா. நான் ஒதுங்கினா அவங்க ஒதுக்க வேண்டிய வேலைகூட மிச்சம்.”

நான்காவது நடைக்கான ஞாயிறு வந்தது. சாக்கைச் சுமப்பது முறைவைத்து மாறும். அன்று முறை தன்னுடையது இல்லாவிட்டாலும் தங்கம் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். தன் பொதியை மட்டும் அதில் போடாமல் தோள்பையில் வைத்துக்கொண்டாள். புக்கிட் பாஞ்சாங்கில் இறங்கி, மற்றவர்களை முன்னே போகவிட்டு, ஜலாலுதீனோடு பின்தங்கி ஒரு வேலியோரம் சாக்கைப் பிரித்தாள்.

சாக்கினுள்ளிருந்து மணம் வந்தது. ஒவ்வொரு பொதியும் பச்சை பாண்டான் இலையால் கட்டப்பட்டிருந்தது. சோற்றில் மணத்துக்குப் போடும் அதே இலை. நீளமாக, வழவழப்பாக, விரலால் தொட்டாலே இன்னதென்று தெரிந்துவிடும் இலை. சணல் கயிறு கட்டிய பொதி ஒன்றுகூட இல்லை. இதுநாள்வரை சணல் கட்டி வந்தவள் அவள் ஒருத்திதான். மூன்று முறை மரத்தடியில் அந்த முடிச்சை அவளும் அவிழ்த்திருக்கிறாள்; மணத்துக்கென்று நினைத்து விட்டுவிட்டாள்.

ஜலாலுதீன் குனிந்து ஒரு பொதியை எடுத்துப் பார்த்தார். அவர் முகம் கறுத்தது. “இது எங்க வீட்டுப் பொதி. இதுலயும் அதே முடிச்சு!” சற்று யோசித்தார். “தங்கச்சி சேந்த புதுசுல செயலாளர் பாலகிருஷ்ணன் சம்சாரம் ஒரு கட்டு இலையோட வீட்டுக்கு வந்தாங்கன்னு என் வீட்டுக்காரி நஃபீசா சொன்னா. சணல் அழுக்கு, இனிமே எல்லாரும் இதுல கட்டுங்கன்னு சொன்னாங்களாம். நானும் நல்ல விஷயம்தானேன்னு விட்டுட்டேன். அல்லாவே, என்னையும் சேத்துல்ல ஆட்டி வச்சிருக்காங்க!”

வேலிக்கு அப்பால் ஒரு மலாய் வீட்டு முற்றத்தில் பாண்டான் புதர் செழித்து நின்றது. ஜலாலுதீன் எட்டி ஓர் இலையைப் பறித்து நீட்டினார். “இந்தா தங்கச்சி. உன்னுதுலயும் இதையே கட்டு. அப்புறம் எந்த மவராசன் கைக்கு வருதுன்னு பாப்போம். சப்புக் கொட்டிச் சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்.”

தங்கம் அந்த இலையைப் பார்த்தாள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் தலையசைத்தாள். “வேணாம் பாய். அவங்க ஒளிஞ்சு செஞ்சாங்க. நானும் ஒளிஞ்சு செஞ்சா, அவங்க வீட்டு இலையைக் கட்டினதாலதான் என் சோறு உள்ள போச்சுன்னு ஆயிடும். என் சோறு என் சோறாவே போகணும்.”

கிராஞ்சிக் கரையில் கடல் வற்றிக் கிடந்தது. சேற்றில் நண்டுகள் ஊர்ந்தன. அப்பால் ஜொகூர்க் கரை வெயிலில் மினுங்கியது. தூங்குமூஞ்சி மரத்தடியில் பாய் விரிந்தது. மற்றப் பன்னிரண்டு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். மன்றத்தின் செயலாளர் பாலகிருஷ்ணன், துறைமுக அலுவலக எழுத்தர், மடிப்புக் கலையாத கால்சட்டைக்குக் கீழே கைக்குட்டையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். தங்கம் உட்காரவில்லை. தோள்பையிலிருந்து தன் பொதியை எடுத்துக் கையில் ஏந்தி நின்றாள்.

“என்ன மிஸ்ஸி, சாக்குல போடாம கையில வச்சிருக்கீங்க?” என்றார் பாலகிருஷ்ணன், தாதியரை ஊரார் அழைக்கும் வழக்கப்படி. “விதி தெரியாதா?”

“விதி தெரியும் சார். தெரிஞ்சதாலதான் கையில வச்சிருக்கேன்.”

மறு கையால் சாக்கின் அடியைப் பிடித்துத் தூக்கினாள். பொதிகள் பாயில் உருண்டன. பச்சை முடிச்சுகள் பட்டப்பகலில் பல்லைக் காட்டின.

“பாருங்க தோழர்களே. எல்லாத்துலயும் பாண்டான். என்னுதுல மட்டும் சணல். மூணு மாசமா இருட்டுல கையை விட்டுத் தடவித் தடவி என் சோத்தை ஒதுக்கினீங்க. பாவம், கஷ்டமா இருந்திருக்கும். இன்னிக்கு அந்தக் கஷ்டம் வேணாம். இதோ, வெளிச்சத்துல நிக்கிறேன். என் முகத்தைப் பாத்து ஒதுக்குங்க.”

ஒருவர் கடலைப் பார்த்தார். இன்னொருவர் செருப்பின் வாரைச் சரிசெய்தார்.

“அது வந்து, மிஸ்ஸி, வாசனைக்காகக் கட்டினது” என்றார் பாலகிருஷ்ணன்.

“வாசனைக்குன்னா சோத்துக்குள்ள போடுவாங்க. வெளிய கட்டினா சாக்குதான் மணக்கும்.”

ஜலாலுதீன் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாலகிருஷ்ணனைச் சுட்டது. “சரி, ஒளிச்சுப் பேச வேணாம். எனக்கு எந்த வித்தியாசமும் இல்ல. வீட்டுல பொம்பளைங்க சங்கடப்படறாங்க. எங்க குடியிருக்கீங்கன்னு தெரிஞ்சப்புறம், அந்தக் கை சமைச்சதுன்னா...”

“எந்தக் கை சார்?” தங்கம் தன் வலக்கையை நீட்டினாள். “போன தைப்பூசத்தன்னிக்கு உங்க சம்சாரத்துக்கு வலி எடுத்துச்சே, ஞாபகம் இருக்கா? பிள்ளை குறுக்க கிடந்தான். டாக்டர் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியல. உங்க மகன் இந்த உலகத்துல முதல்ல தொட்டது இந்தக் கையைத்தான். அவனை வாங்கி உங்ககிட்ட குடுத்தப்போ நீங்க கையைக் கழுவல சார். கும்பிட்டீங்க.”

பாலகிருஷ்ணன் பார்வையை அந்தக் கையிலிருந்து விலக்கிக்கொண்டார். ஓர் உயிரை வாங்கித் தந்த கை ஒரு பிடி சோற்றைத் தரக் கூடாதாம்! அவசரத்துக்குக் கும்பிட்டு, வசதிக்குத் தள்ளிவைக்கும் அந்தக் கணக்கை அவர் அதுவரை தமக்கே சொல்லிக்கொண்டதில்லை. இப்போது மரத்தடியில் அது எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. ஆனால் தோற்ற மனிதன் விதியைப் பிடித்துக்கொள்வான். அவரும் பிடித்தார்.

“இவ்வளவு பிரச்சினை எதுக்கு? இனிமே அவங்கவங்க பொதி அவங்கவங்களுக்கு. சாக்கே வேணாம். தலைவரே, நான் இதை முன்மொழியறேன்.”

சிலர் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலில் ஒரு நிம்மதி இருந்தது. அது எதற்கான நிம்மதி என்று தங்கத்துக்குப் புரிந்தது. சாக்கு போனால் எல்லாமே போயிற்று. அதன்பின் அவள் இந்தப் பாதையில் நூறு முறை நடந்தாலும் அவர்களோடு நடந்தவள் ஆகமாட்டாள். அவர்களுக்குப் பின்னால் நடந்தவள்தான்.

“சாக்கு வேணாம்னா மன்றத்தைக் கலைச்சுருங்க” என்றாள். “என்னைப் போகச் சொல்ல உங்களுக்கு வாய் வரல, அதனால விதியைப் போகச் சொல்றீங்க. நான் போகமாட்டேன். ரெண்டு கால் இருந்தா போதும்னு மேடையில சொன்னது நான் இல்ல.”

எல்லார் கண்களும் மருதப்பன் மேல் திரும்பின. அவரோ பாயில் கிடந்த பொதிகளையே வெறித்துக்கொண்டிருந்தார். “என் பொதி எது?” என்று கேட்டார்.

எவருக்கும் புரியவில்லை.

“என் வீட்டுப் பொதி எதுய்யா? அதுலயும் இந்த முடிச்சு இருக்கா?”

“எல்லாத்துலயும்தான் இருக்கு தலைவரே” என்றார் ஜலாலுதீன். “உங்க பொதி உங்களுக்கே தெரியலியா?”

தெரியவில்லை. அதுதான் உண்மை. சமத்துவத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக அச்சிட்ட மனிதர் தம் வீட்டு அடுப்படிக்குள் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. மனைவி செல்லக்கண்ணு கட்டிக் கையில் திணித்ததை அப்படியே சாக்கில் போட்டார். ஊரைத் திருத்தக் கிளம்பியவர் தம் கையில் இருந்த முடிச்சைப் பார்க்கவில்லை. அவரது முகம் சிவந்தது. எழுந்தார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். தொண்டையைச் செருமினார்.

“தோழர்களே! இன்று இம்மரத்தடியில் நாம் வெட்கித் தலைகுனிந்து நிற்கிறோம். நூற்றாண்டு நூற்றாண்டாய் நம்மை அரித்துவரும் இந்த...”

“தலைவரே.” தங்கம் குறுக்கே வந்து தன் பொதியை அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள். “பேச்சு அப்புறம். வாய்க்கு இப்போ வேற வேலை இருக்கு.”

மருதப்பன் திறந்த வாயோடு நின்றார். அவர் வாழ்நாளில் ஒரு பேச்சு நடுவில் நிறுத்தப்பட்டது அதுவே முதல் தடவை. கல்லெறிந்திருக்கிறார்கள், விளக்கை அணைத்திருக்கிறார்கள்; அப்போதெல்லாம் அவர் நிறுத்தியதில்லை. இப்போது நிறுத்தினார். பொதியை இரு கையாலும் வாங்கினார். அப்படியே கீழே உட்கார்ந்து, சணல் கயிற்றை அவிழ்த்து, இலையை விரித்து, சோற்றைச் சம்பலோடு பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தார்.

மென்றார். கண்ணில் நீர் கொட்டியது.

“தலைவர் அழுவுறார்” என்று எவரோ முணுமுணுத்தார்.

“அழல. காரம்” என்றார் மருதப்பன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “நல்ல காரம். யாராவது தண்ணி குடுங்கய்யா!”

ஜலாலுதீன் தண்ணீர்ப் புட்டியை நீட்டிவிட்டு, தாமும் அந்த இலையிலேயே கைவைத்தார். பிறகு இன்னொருவர் நெருங்கி உட்கார்ந்தார். அதற்குப் பிறகு மேலும் சிலர். பாலகிருஷ்ணன் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். அவரோடு நால்வர் எழுந்து பெருஞ்சாலையை நோக்கி நடந்தார்கள். அவர்களை ஒருவரும் அழைக்கவில்லை. தங்கம் பாயில் உட்கார்ந்து கைக்கு வந்த ஒரு பொதியை எடுத்து, பாண்டான் முடிச்சை அவிழ்த்தாள். புளியோதரை. நன்றாகத்தான் இருந்தது. முழுதும் உண்டாள்.

அடுத்த மாதத்து முதல் ஞாயிறு. ரோச்சோர்க் கால்வாயருகே விடியல் வெளிச்சத்தில் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பாலகிருஷ்ணன் வரவில்லை, அவரோடு போனவர்களில் ஒருவர் மட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, எவர் முகத்தையும் பாராமல் சாக்கில் தன் பொதியைப் போட்டார். பிறகு மருதப்பன் வந்தார். அவருக்குப் பின்னால், அவரைவிட வேகமாக, புதுச் செருப்பும் பூப்போட்ட சேலையுமாக ஓர் அம்மாள் வந்தார். வந்தவர் நேரே தங்கத்தின் முன் நின்றார்.

“நீதானே தங்கம்?”

“ஆமா.”

“நான் செல்லக்கண்ணு. இவரு சம்சாரம். ஒரு மாசமா வீட்டுல சாப்பாட்டுக்கு உக்காரும்போதெல்லாம் நெத்திலிச் சம்பல், நெத்திலிச் சம்பல்னு ஒரே பாட்டு. கல்யாணம் ஆன நாள்லேருந்து என் சமையலை ஒரு வார்த்தை சொன்னதில்ல இந்த மனுஷன். அப்படி அதுல நீ என்னதான் வச்சிருக்கேன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

மருதப்பன் கால்வாய்த் தண்ணீரை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்.

“அந்த முடிச்சை நீங்கதானே கட்டினீங்க?” என்று தங்கம் கேட்டாள். குரலில் கனிவு இல்லை. அவள் அதை வலிந்து வரவழைக்கவும் இல்லை.

செல்லக்கண்ணுவின் கண்கள் தாழவில்லை. “நான்தான் கட்டினேன். எதுக்குன்னு தெரிஞ்சேதான் கட்டினேன். இல்லைன்னு பொய் சொல்ல இவ்வளவு தூரம் வரல.” கையிலிருந்த பொதியை நீட்டினார். அது எந்தக் கட்டும் இல்லாமல், செய்தித்தாள் பிரிந்துவிடாதபடி ஓரம் மடித்துச் செருகப்பட்டிருந்தது. “இதுல ஒண்ணும் கட்டல. பாத்துக்கோ.”

தங்கம் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள், சாக்கில் போட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கேட்கப்படாததைக் கொடுக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

“கிராஞ்சி தூரம்மா. புதுச் செருப்பு கடிக்கும்.”

“கடிச்சா கழட்டிக் கையில வச்சுக்கறேன். எனக்கும் ரெண்டு கால் இருக்குல்ல?”

“அப்போ இன்னிக்குச் சாக்கு உங்க தோள்ல” என்று தங்கம் அதைத் தூக்கி நீட்டினாள்.

மருதப்பன் பதறிப்போய் ஓடிவந்தார். “இரு இரு, நான் தூக்கறேன்...”

“நீங்க பேசாம நடங்க” என்றார்கள் இரு பெண்களும்.

பேருந்து வந்து நின்றது. செல்லக்கண்ணு சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு முதல் ஆளாக ஏறினார்.